பண்டிகையும் கூலியின் பங்கே

டிசம்பர் பிறந்ததும் பெங்களூரு மர்பி டவுனின் குறுகிய தெருக்களில் காகித நட்சத்திரங்கள் ஏறுகின்றன. பழைய அட்டைப்பெட்டியிலிருந்து குடிலின் பொம்மைகள் வெளியே வருகின்றன. அதே வாரத்தில் நாளேடுகளின் இணைப்புகளும், வங்கிகளின் விளம்பரங்களும், கைபேசியில் பொருளாதார ஆலோசனை வழங்குவோரும் தங்கள் உபதேசத்தைத் தொடங்குகின்றனர். பட்டியல் போட்டுச் செலவிடுங்கள், தள்ளுபடிக்குக் காத்திருங்கள், சென்ற ஆண்டு நட்சத்திரத்தையே மீண்டும் கட்டுங்கள், குழந்தைகளுக்கு எளிமையைக் கற்றுக்கொடுங்கள் என்பன அந்த உபதேசத்தின் சாரம். இயேசு மாட்டுத்தொழுவத்தில்தானே பிறந்தார் என்று நினைவூட்டும் குரலும் தவறாமல் உடன் ஒலிக்கிறது.

இந்த உபதேசம் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? சென்ற ஆண்டு நட்சத்திரத்தை மட்டுமல்ல, அதற்கு முந்தைய ஆண்டு நட்சத்திரத்தையும் ஒட்டுப்போட்டுக் கட்டியிருக்கும் மக்களை நோக்கி! சிக்கனத்தை மர்பி டவுனுக்குக் கற்பிக்க வருவது, மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்பிக்க வருவதாகும். அங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பத்தின் கையில், ஆண்டுக்கு ஒரு முறை வரும் பண்டிகைக்குப் பணம் ஏன் இல்லை?

பிறர் கிறிஸ்துமஸைச் சமைத்த பேட்டை

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தம் ராணுவத்துக்கான கண்டோன்மெண்டை நிறுவினர். படையின் பின்னால் தமிழகத்தின் வடமாவட்டங்களிலிருந்து உழைப்பாளர்கள் வந்தனர். சமையற்காரர்கள், ஆயாக்கள், குதிரைக்காரர்கள், தோட்டக்காரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், கட்டடக் கூலிகள் என்று வந்த அவர்களில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அல்சூரை ஒட்டி நாக்ஸ்பேட்டை என்ற பெயரில் இருந்த குடியிருப்பே பின்னர் கண்டோன்மெண்ட் பொறியாளர் மர்பியின் பெயரைப் பெற்று மர்பி டவுன் ஆனது.

வெள்ளை அதிகாரியின் பங்களாவில் கேக் வேகும் அடுப்பை ஊதியவர்களும், விருந்து முடிந்த மேசையைத் துடைத்தவர்களும் இத்தகைய பேட்டைகளிலிருந்து சென்றவர்களே. நூற்றாண்டு கடந்தும் இந்த உறவின் சாரம் மாறவில்லை. இன்றும் டிசம்பர் கடைசி வாரத்தில் பிரிகேட் சாலையும் மகாத்மா காந்தி சாலையும் விளக்குகளால் மின்னும்போது, பேரங்காடிகளின் தரையைத் துடைப்பவர்களும், வாயிலில் காவல் நிற்பவர்களும், உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவுபவர்களும் இத்தகைய குடியிருப்புகளின் மக்களே. ஜனவரி முதல் நாள் விடியலில், நகரம் கொண்டாடிக் கலைந்த குப்பையை அந்தச் சாலைகளிலிருந்து வாருபவர்கள் பௌரகார்மிகர்களே. நகரத்தின் பண்டிகை இவர்களின் உழைப்பில் நடக்கிறது. இவர்களின் பண்டிகையோ கடனில் நடக்கிறது.

அடுப்பின் கணக்கு

நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் கிறிஸ்துமஸ் என்பது என்ன? ஆளுக்கு ஒரு புதுத்துணி. அதிரசம், முறுக்கு, கல்கல். ஒரு கிலோ கேக். அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் பங்கிடத் தட்டு. பிரார்த்தனை முடிந்து வந்ததும் பிரியாணி. ஆளுக்கு 1,000 ரூபாய்த் துணி என்று வைத்தாலே 4,000 ரூபாய் ஆகிறது. மளிகையும் எண்ணெயும் கறியும் கேக்கும் சேரும்போது அது இரண்டு மடங்கை நெருங்கிவிடும். இதில் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது? எதை வெட்டச் சொல்கிறார்கள்? குழந்தையின் சட்டையையா, அண்டை வீட்டுத் தட்டையா?

கறியின் கணக்கில் அரசின் கையும் இருக்கிறது. உழைப்பவர்களின் மலிவான புரதமாக மாட்டிறைச்சி இருந்து வந்தது. பாரதிய ஜனதா அரசு கொண்டுவந்து 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கால்நடை வதைத் தடுப்புச் சட்டம், 13 வயதைக் கடந்த எருமைகளைத் தவிர மற்ற எல்லா மாடுகளையும் அறுப்பதைத் தடை செய்தது. கறிக்கடைக்காரர், மாட்டு வணிகர், தோல் தொழிலாளர், விவசாயி ஆகியோருடன் சேர்த்து ஏழையின் பண்டிகைச் சட்டியையும் அந்தச் சட்டம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. 2023இல் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ் அதனை மறுபரிசீலனை செய்வதாகப் பேசியது. பேச்சோடு சரி. சட்டம் ஏட்டில் அப்படியே நிற்கிறது.

மத்திய அரசோ சரக்கு மற்றும் சேவை வரியைக் குறைத்ததையே மக்களுக்கான பண்டிகைப் பரிசு என்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் மீதான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக இறங்கியது உண்மை. வரிக்கு முன் 400 ரூபாய் விலையுள்ள கேக்கில் இதனால் மிஞ்சுவது 52 ரூபாய். அதுவும் வரி வசூலிக்கும் பெரிய கடையில் வாங்கினால்தான். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு கடை அந்த வரிக்குப் பதிவே செய்ய வேண்டியதில்லை. தெருமுனை பேக்கரியில் வாங்குபவருக்கு முன்பும் அந்த வரி இல்லை, இப்போது அதில் குறைப்பும் இல்லை. பத்து ஆண்டுகளாகப் போனஸ் வரம்பை ஒரு ரூபாயும் உயர்த்தாத அரசு, இந்த 52 ரூபாயைக் காட்டித் திருவிழா கொண்டாடச் சொல்கிறது.

சீட்டு, அடகு, குழுக்கடன்

அப்படியானால் பண்டிகைப் பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி கிறிஸ்துமஸ் சீட்டு. தெருவில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாரம் 100 ரூபாய் கட்டினால், 52 வாரம் முடிந்து 5,200 ரூபாய் பணமாகவோ பண்டமாகவோ திரும்பி வரும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ரசீதும் பெரும்பாலும் இல்லை. உபதேசிகள் கற்பிக்க நினைக்கும் சிக்கனத்தை உழைக்கும் பெண்கள் இப்படித் தாமாகவே கற்று, ஆண்டு முழுவதும் நடத்திக் காட்டுகிறார்கள். ஆனால் சீட்டு உடைந்தால் கேட்க நாதியில்லை. இது பெங்களூரின் தனிக்கதையும் அல்ல. பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் 2006 அக்டோபரில் திவாலானது. வாரந்தோறும் சில பவுண்டுகளாகக் கட்டிவந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட எளிய மக்கள் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கையில் வெறுங்கையரானார்கள். பல ஆண்டுகள் போராடிய பிறகும் முழுத்தொகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உலகின் முதல் முதலாளித்துவ நாட்டிலும் தொழிலாளியின் கிறிஸ்துமஸ் சீட்டை நம்பித்தான் நின்றது.

இரண்டாவது வழி அடகுக்கடை. பண்டிகைக்கு அணிய வேண்டிய கம்மல், பண்டிகையை நடத்தவே அடகுக்குப் போகிறது.

மூன்றாவது வழி குழுக்கடன். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களை நுண்கடன் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களாக ரிசர்வ் வங்கி 2022இல் வரையறுத்தது. மாத வருமானத்தில் பாதி வரை கடன் தவணைக்குப் போகலாம் என்றும் அனுமதித்தது. மாதம் 25,000 ரூபாய் வரும் வீட்டில் 12,500 ரூபாய் தவணைக்குப் போவது விதிமுறைப்படி சரி! வட்டிக்கு முன்பிருந்த உச்சவரம்பும் அதே விதிகளால் நீக்கப்பட்டது. தவணை வசூலின் கொடுமை தாளாமல் கிராமத்துக்குக் கிராமம் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறிய செய்திகள் குவிந்த பிறகு, 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மிரட்டி வசூலிப்பதற்குப் பத்து ஆண்டு வரை சிறை என்றது. மிரட்டலுக்குத் தண்டனை வேண்டியதுதான். ஆனால் கடன் வாங்கும்படி மக்களைத் தள்ளும் குறைகூலியை அந்தச் சட்டம் தொடவில்லை.

நீதிமன்றமே எழுதிய வரி

பண்டிகைச் செலவு தொழிலாளியின் ஆடம்பரம் என்று பேசுவோர் ஒரு தீர்ப்பைப் படிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பதை 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. தொழிலாளி குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாகக் கொண்டு, அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் பிறவற்றுக்கும் 20 விழுக்காடு என்று அது பட்டியலிட்டது. ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னை ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் பஞ்சப்படிக்காக நடத்திய வழக்கில், 1991 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டியலில் ஆறாவது கூறு ஒன்றைச் சேர்த்தது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகைகளும் சடங்குகளும் அடங்கிய குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமைக்கும் திருமணத்துக்குமான ஏற்பாடு ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு ஒதுக்கப்பட வேண்டும் என்பதே அந்தக் கூறு.

பண்டிகை, அரிசியைப் போலவும் வாடகையைப் போலவும் கூலியின் உட்கூறு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதி முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதை எழுத வைத்தவர்கள் தமிழகத்துத் தொழிலாளர்கள்.

ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்ட ஊதியச் சட்டத் தொகுப்பின் வரைவு விதிகளைப் பாருங்கள். 25 விழுக்காடு என்ற எண் அங்கே இருக்கிறது. கல்வி, மருத்துவம், பொழுதுபோக்கு, எதிர்பாராச் செலவு என்ற சொற்களும் இருக்கின்றன. பண்டிகை என்ற சொல் இல்லை. முதுமை என்ற சொல்லும் இல்லை. கோயிலையும் திருவிழாவையும் வாய் ஓயாமல் பேசும் அரசு, தொழிலாளியின் கூலிக் கணக்கிலிருந்து பண்டிகையைச் சத்தமின்றி நீக்கியிருக்கிறது. தீபாவளி கொண்டாடுபவருக்கும் ரம்ஜான் கொண்டாடுபவருக்கும் இதே கதிதான்.

அந்த அரசு 2019இல் அறிவித்த தேசிய அடிமட்டக் கூலி நாளொன்றுக்கு 178 ரூபாய். 26 நாள் உழைத்தால் 4,628 ரூபாய். மர்பி டவுனில் இந்தப் பணத்துக்கு ஒற்றை அறையும் வாடகைக்குக் கிடைக்காது. மறுபுறம், உச்ச நீதிமன்றத்தின் அளவுகோலைக் கொண்டு கர்நாடக அரசு 2025 ஏப்ரலில் வெளியிட்ட வரைவு அறிவிக்கை, மாதம் 19,000 ரூபாய்க்கு மேல் தொடங்கும் கூலியை முன்வைத்தது. தொழில் நடத்த முடியாது என்று முதலாளிகளின் அமைப்புகள் உடனே கூக்குரலிட்டன. பண்டிகைக்கால விற்பனையை எண்ணி மகிழும் அதே கூட்டம், பண்டிகை கொண்டாடக் கூலி கேட்டால் திவால் என்கிறது.

பதின்மூன்றாவது மாதம்

போனஸ் என்பதும் இந்த உரிமையின் மறுபக்கமே. முதல் உலகப்போர்க் காலத்தில் பம்பாய், அகமதாபாத் பஞ்சாலைகள் கொள்ளை லாபம் குவித்தபோது, விலையேற்றத்துக்கு ஈடாகப் போர்க்கால போனஸ் வந்தது. போனஸை முதலாளிகள் நிறுத்தியபோது 1924இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தனர். பல பத்தாண்டுப் போராட்டத்தின் முடிவில்தான் 1965இல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 4 விழுக்காடு என்றிருந்தது பின்னர் 8.33 விழுக்காடாக உயர்ந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி.

நெருக்கடி நிலையின்போது, 1975 செப்டம்பரில், இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டத்தின் மூலம் அதை மீண்டும் 4 விழுக்காடாக வெட்டியது. 1977இல் நெருக்கடி நிலை வீழ்ந்த பிறகே 8.33 விழுக்காடு மீண்டது. அதே 1975 டிசம்பரில், ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்த பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்கோஸ்கூட பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தைச் சட்டமாக்க நேர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளான டிசம்பர் 24க்குள் அது கைக்கு வர வேண்டும். முதலில் 1,000 பெசோ வரை சம்பளம் பெறுவோருக்கு மட்டும் என்றிருந்த வரம்பு, மார்கோஸை மக்கள் விரட்டிய 1986இல் நீக்கப்பட்டது. 2013இல் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கும் அந்த உரிமை சட்டமானது. அங்கே முதலாளித்துவம் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் வீட்டுவேலை செய்யும் பெண் தன் கிறிஸ்துமஸ் பணத்தை எசமானியின் மனமிரங்கலாகப் பெறாமல் சட்டப்படி கேட்க முடிகிறது.

இங்கோ 2015 திருத்தம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறுவோரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. கணக்கிடும் தொகையை 7,000 ரூபாய் என்று வைத்தது. ஆண்டுக்கு 84,000 ரூபாயில் 8.33 விழுக்காடு 6,997 ரூபாய். பெரும்பாலான ஒப்பந்த நிறுவனங்கள் இந்த எண்ணைக் காட்டியே தொழிலாளியை அனுப்பிவிடுகின்றன. ஆனால் சட்டம் சொல்வது வேறு. அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 7,000 ரூபாயைவிட அதிகமாக இருந்தால், அந்தக் கூலியின் மீதுதான் போனஸ் கணக்கிட வேண்டும். குறைந்தபட்சக் கூலி 14,000 ரூபாய் என்றால் போனஸ் ஏறத்தாழ 14,000 ரூபாய். பாதித்தொகை எங்கே போனது என்று யாரும் கேட்காததால் அது முதலாளியின் பையிலேயே தங்கிவிடுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. போனஸ் சட்டம் ஊதியத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. வரம்பு எவ்வளவு என்பது இனிச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்காது. அரசு தன் அறிவிக்கையால் தீர்மானிக்கும். 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் போனஸ் இல்லை என்ற ஓட்டை அப்படியே உள்ளது. வீட்டுவேலைப் பெண்ணும், உணவு சுமந்து வீடுவீடாக ஓடும் இளைஞரும் அந்த ஓட்டையின் வழியே விழுகிறார்கள். கர்நாடகத்தின் பண்டிகை விடுமுறைச் சட்டம் கட்டாயமாக்கிய நாட்களில் டிசம்பர் 25 இல்லை. நாட்கூலி பெறுபவருக்குக் கிறிஸ்துமஸ் கூலி இழந்த நாளாகவும் ஆகிறது.

தோழர்களின் தயக்கம்

இந்தக் கேள்வியைக் கட்சிக்குள்ளும் சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். பண்டிகை மதத்தின் காரியம், அதற்குக் கடன் வாங்குவது பின்தங்கிய உணர்வு, பகுத்தறிவுப் பிரச்சாரமே மருந்து என்பது அவர்களின் வாதம். இந்த வாதம் செஞ்சட்டை போட்டு வந்தாலும், அது சிக்கன உபதேசத்தின் உடன்பிறப்பே. தொழிலாளி எதற்குச் செலவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை அதுவும் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. ஆதிக் கிறிஸ்தவத்தின் வரலாறு குறித்து 1894இல் எழுதிய எங்கெல்ஸ், அடிமைகளும் ஏழைகளும் ஒடுக்கப்பட்டோரும் திரண்ட இயக்கமாக அதைக் கண்டார், தம் காலத்துத் தொழிலாளர் இயக்கத்தோடு ஒப்பிட்டார். மக்களின் நம்பிக்கையை எள்ளி நகையாடிய இடத்திலிருந்து அவர் தொடங்கவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும் டிசம்பரில், உன் பண்டிகை வீண் என்று சொல்பவரைத் தொழிலாளி ஏன் நம்ப வேண்டும்?

மறுபுறம், டிசம்பரில் அரிசி மூட்டையும் புடவையும் வழங்கும் வள்ளல்கள் இருக்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் அவர்களின் எண்ணிக்கை பெருகுகிறது. 1843இல் வெளியான டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையில் கருமி முதலாளி ஒரே இரவில் மனம் மாறி எழுத்தரின் சம்பளத்தை உயர்த்துகிறான். அந்த இரவுக்காகக் காத்திருப்பதென்றால் காலம் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். தானம் கொடுப்பவரிடம் அடுத்த ஆண்டு கேட்க முடியாது. உரிமையை ஒவ்வோர் ஆண்டும் கேட்கலாம், வழக்காடிக் கேட்கலாம், வேலையை நிறுத்தியும் கேட்கலாம்.

டிசம்பரில் செய்ய வேண்டியவை

மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் நிறுவனம் எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள், போனஸ் தர வேண்டும். டிசம்பரில் ஒருவருக்கு அது இன்னும் வரவில்லை என்றால் அது நிலுவை. கிளைத் தோழர்கள் வீடுவீடாகச் சென்று மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: போனஸ் வந்ததா? எந்தத் தொகையின் மீது கணக்கிட்டார்கள்? அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி எவ்வளவு? சம்பளச் சீட்டையும் போனஸ் கணக்கையும் அருகருகே வைத்தால் திருட்டு தானே தெரியும். அந்தக் கணக்குகளைத் திரட்டித் தொழிலாளர் துறையின் வாசலுக்குக் கூட்டாகக் கொண்டு செல்ல வேண்டும். கூடவே, கூலி வரைவை உச்ச நீதிமன்ற அளவுகோலின்படி நடைமுறையாக்கவும், போனஸ் வரம்புகளை நீக்கவும், வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கும் செயலிவழித் தொழிலாளர்களுக்கும் பதின்மூன்றாவது மாதக் கூலியைச் சட்டமாக்கவும், அவரவர் பண்டிகை நாளைக் கூலியுடன் கூடிய விடுமுறையாக்கவும் கோர வேண்டும்.

இது பெங்களூருக்குப் புதிய பாடமல்ல. 1980 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இந்த நகரத்தின் பொதுத்துறை ஆலைகள் நின்றன. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் ஊதியச் சமத்துவம் கேட்டு 77 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கேட்டது கிட்டாமலேதான் அவர்கள் திரும்பினர். 2016 ஏப்ரலிலோ, பெரும்பாலும் சங்கத்தில் இல்லாத ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் இரண்டே நாட்கள் பெங்களூரின் சாலைகளை நிறைத்தனர். வருங்கால வைப்புநிதியை எடுக்கத் தடைபோட்ட விதியை ஒன்றிய அரசு திரும்பப் பெற்றது. வென்ற பாடமும் தோற்ற பாடமும் இந்த நகரத்திடமே இருக்கின்றன.

மர்பி டவுனின் குடும்பங்கள் இந்த ஆண்டும் பழைய நட்சத்திரத்துக்குப் புதுக்காகிதம் ஒட்டிக் கட்டுவார்கள். அதை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த வீட்டுக் கதவைத் தட்டும் தோழரின் கையில் உபதேசம் இருக்க வேண்டாம், தானமும் இருக்க வேண்டாம். போனஸ் கணக்கெழுத ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.